கடைசித் தாளில் வரவேண்டிய மலை

சந்தானத்துக்குத் தன்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. காலையில் மல்லேஸ்வரத்து வீட்டின் மொட்டை மாடியில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது, இயற்கைக் காட்சி வரைவதில் தன்னை மிஞ்ச மைசூர் சமஸ்தானத்தில் இன்னொருவன் பிறந்து வரவேண்டும் என்று நினைப்பார். பத்தரை மணிக்குக் கட்டட இலாகா ஆபீசில் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, எந்த ஊரிலோ வரப்போகிற ஒரு மதகுக்குப் பிளான் போட ஆரம்பித்தால், தன்னைப் போல் ஓர் அசடு கிடையாது என்று தோன்றிவிடும். சாயங்காலம் வீடு திரும்பும்வரை இந்த இரண்டாவது அபிப்பிராயம்தான் நீடிக்கும். அவர் மனைவி கோமளத்துக்கு அப்படியெல்லாம் குழப்பம் கிடையாது. அவள் நாள் முழுவதும் இரண்டாவதையே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் வரைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு படம். மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே என்னென்ன தெரிகிறதோ அத்தனையையும், கெட்டியான தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெல்லிய நிப்பால் இந்தியன் இங்கில் போட்டு முடிப்பது என்று சங்கல்பம். இடது கோடியில் யஷ்வந்தபுரத்து ரயில் புகை. அப்புறம் டாட்டா இன்ஸ்டிட்யூட்டின் கோபுரம். அப்புறம் சாங்கி ஏரி. எல்லாவற்றுக்கும் கடைசியில், வலது கோடியில், வெகு தூரத்தில் நந்தி மலை. படம் ஆரம்பித்தபோது மகள் அலமு என்கிற அலர்மேல்மங்கை பாவாடை கட்டிக்கொண்டு, தாளில் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அவளுக்குப் புடவை கட்டி வரன் பார்க்கிற வயது வந்துவிட்டது. படம் சாங்கி ஏரிக் கரைக்கு வந்திருந்தது.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் என்று யாரும் சொல்ல முடியாது. கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு புளியமரம் மட்டும் ஒரு வருஷத்தை விழுங்கியிருந்தது. சந்தானத்துக்கு நியமங்கள் உண்டு. பென்சிலைத் தொடமாட்டார், அழிக்க முடியாததுதான் கோடு என்பார். கண்ணெதிரே அந்த நிமிஷம் இல்லாத எதையும் போடமாட்டார். "ஆபீசில் பகல் பூராவும் இல்லாததைத்தான் வரைகிறேன், வீட்டிலாவது இருப்பதை வரைகிறேனே" என்பது அவர் வாதம். மூன்றாவது நியமம்தான் முக்கியமானது. இடமிருந்து வலமாக மட்டுமே போவார், தாண்டிக் குதிக்கமாட்டார்.

நந்தி மலையோ தினமும் தரிசனம் தருகிற மலை இல்லை. மழை பெய்து வெளிவாங்கிய வேளைகளில், அதுவும் கொஞ்ச நேரம்தான் தெரியும். இலையில் திருக்கண்ணமுதுக்கு, அதாவது பாயசத்துக்கு, இடம் விட்டு வைப்பதுபோல் சந்தானம் கடைசித் தாளை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். மலை தெரிகிற நாட்களில் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். முறை வருவதற்கு முன்னால் பார்த்துவிட்டால் ருசி போய்விடும் என்று ஒரு பயம்.

"ஏன்னா, மலை தெரியற அன்னிக்கு மலையைப் போட்டுட்டா என்ன? ஏரி எங்க ஓடிப் போறது?" என்று கோமளம் ஒருநாள் கேட்டாள்.

"உனக்குப் புரியாது. வலது பக்கத்தை முதல்ல போட்டா, இடது பக்கம் போடறச்சே கை அதுமேல பட்டு மை இழுகிடும்."

"மை காய எத்தனை வருஷம் ஆகும்?"

 சந்தானம் கலை தெரியாதவர்களைப் பார்த்துக் கலைஞர்கள் சிரிக்கும் சிரிப்பு ஒன்று சிரித்தார். அது பத்து வருஷமாகச் சிரித்துச் சிரித்து நன்றாகப் பழகியிருந்தது.

எதிர்வீட்டில் சீனிவாசராகவன் இருந்தார். கோர்ட்டில் சிரஸ்தாராக, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே பிள்ளை ரங்காவுக்கு மின்சார இலாகாவில் உத்தியோகம். ரங்கா சைக்கிளை எடுக்கிற நேரம் பார்த்து அலமுவுக்கு வாசலில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுவதைத் தெருவே கவனித்திருந்தது. சந்தானம் மட்டும் கவனிக்கவில்லை. அவர் மாடியில் இருந்தார். ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி முடித்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீனிவாசராகவன் முறையாகச் சொல்வதற்காகத் தெருவைத் தாண்டி வந்தார்.

"தை மாசம் கல்யாணத்தை வெச்சுண்டுடலாம் சுவாமி. அதுக்குள்ள எங்காத்து மாடியில ஒரு ரூம் எழுப்பிடறேன். கீழே இருக்கறது போறாது பாருங்கோ. குழந்தைகள் தனியா, காத்தாட இருக்கட்டும்."

"பேஷா எழுப்புங்கோ" என்றார் சந்தானம். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிளானை நீங்கதான் போட்டுக் குடுக்கணும். உங்க பொண்ணு இருக்கப்போற ரூம். அப்பா கையால போட்டதுன்னா அதுக்கு மேல அப்பீல் ஏது?" என்று சொல்லிக் காப்பியை ஆற்றினார் சீனிவாசராகவன். "எங்காத்துக்கும் வந்து ஸ்வல்ப காப்பி சாப்பிட்டுடுங்கோ. கல்யாணம் ஆயிட்டா அப்புறம் நீங்க எங்காத்துல ஒரு வாய் தீர்த்தம் தொடமாட்டேள்."

அன்று சாயங்காலம் சந்தானம் மாடிக்குப் போனார். பொழுது நன்றாக வெளிவாங்கியிருந்தது. சம்பந்தி வீட்டு மாடியில் ரூம் எங்கே வரும் என்று பெருமையோடு பார்த்தார். வடக்குப் பக்கம்தான் இயல்பான இடம், காற்று அங்கேதான். அந்த இடத்தில் மனத்துக்குள் சுவர் எழுப்பி, கூரை போட்டு, கைப்பிடிச் சுவரும் வைத்துப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. அங்கே, நீலமாக, வருஷக்கணக்காக முறைக்குக் காத்துக்கொண்டு, நந்தி மலை இருந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'அட அசடே, இத்தனை வருஷம் ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தாயே' என்று தம்மையே வைதுகொண்டார். கோமளத்திடம் சொல்லலாமா என்று யோசித்தார். அவள் என்ன சொல்வாள் என்பது நன்றாகத் தெரிந்ததால் சொல்லவில்லை.

மறு வாரம் அவர் ஒரு பிளான் போட்டார். ஒரு மனிதனுடைய திருட்டுத்தனம் அவன் தொழிலில்தான் அழகாக வெளிப்படும். இலாகா சொல்லிக்கொடுத்த வித்தையெல்லாம் சந்தானத்துக்கு அன்று கைகொடுத்தது. தம் மாடியில் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து மலைக்கு ஒரு பார்வைக் கோடு இழுத்தார். அந்தக் கோட்டில் ஒரு செங்கல்கூடத் தலை நீட்டாதபடி ரூமைத் தென்கிழக்கு மூலைக்கு ஒதுக்கினார். அங்கே நேர் கீழே சம்பந்தி வீட்டுத் தளிகை உள்ளும், அந்தச் சமையலறையின் புகைக்கூண்டும் இருந்தன. அப்படியும் மலையின் வலது தோளை ரூமின் ஒரு முனை கடித்தது. அதற்காக அந்தப் பக்கம் கூரையைச் சாய்வாக இறக்கினார். இறக்கியதில் வடக்குச் சுவர் இடுப்பளவு ஆகிவிட்டது. ஜன்னல் வைக்க இடமில்லை. ஜன்னல் தெற்கே போயிற்று. அதைத் திறந்தால் புகைக்கூண்டு.

பிளான் பார்க்க மிகவும் லட்சணமாக இருந்தது. "மழைத் தண்ணீர் தேங்காத சாய்வுக் கூரை" என்று ஓரத்தில் அழகான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். சீனிவாசராகவனுக்குப் பிளான் பார்க்கத் தெரியாது. ஆனால் கையெழுத்தைப் பார்க்கத் தெரியும். "சம்பந்தி போட்டது" என்று தெருவில் நாலு பேரிடம் காட்டிவிட்டு, மேஸ்திரிக்கு இன்னொரு பிரதி வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்.

சந்தானம் அந்தப் பிரதியைப் போட்டுக்கொண்டிருந்தபோது அலமு காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை. அப்பாவின் போர்டைப் பார்த்தே வளர்ந்தவளுக்குப் பிளான் என்பது பேப்பரைப் படிக்கிற மாதிரி.

"இது யாருக்குப்பா?"

"உனக்குத்தான்."

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "இந்தப் பக்கம் கூரை இவ்வளவு தாழ்வா இருக்கே. அவர் உசரத்துக்கு இங்க நிமிர முடியாதே."

"அது மழைக்காக அப்படி."

"கீழே தளிகை உள்ளாச்சே. ஜன்னலைத் திறந்தா புகைன்னா வரும்?"

"சாத்தி வெச்சுக்கலாமே" என்றார் சந்தானம். சொன்ன உடனேயே தம் குரல் ஆபீசில் பொய் சொல்கிற கான்ட்ராக்டர்களிடம் அவர் கேட்டுக் கேட்டுப் பழகிய குரலாக இருப்பது அவர் காதிலேயே விழுந்தது.

அலமு மாடிக்குப் போனாள். அவள் படியேறும் சத்தத்தைச் சந்தானம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். மாடியில் அவர் உட்காருகிற இடத்தில் போய் நின்றிருப்பாள். குடை பிடித்து நின்ற பெண். எந்தத் தாளில் எது வரவேண்டும் என்று அவளுக்கும் தெரியும். சற்று நேரம் கழித்து இறங்கி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"நான் குனிஞ்சுக்கறேன்பா. அவர்கிட்டயும் சொல்லிக்கறேன். உங்க படம் முடியட்டும்" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தானத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. 'அப்பாடா, குழந்தை புரிந்துகொண்டாள்' என்று சந்தோஷமாகப் பேனாவை மையில் தோய்த்து இரண்டு கோடு இழுத்தார். அந்தச் சந்தோஷம்தான் பிற்பாடு அவரால் பொறுக்க முடியாமல் போயிற்று. மூன்றாவது கோட்டுக்குக் கை வரவில்லை. தம் பெண் புகையடிக்கிற ஒரு மூலையில் முதுகை வளைத்து நடந்துபோவதை அவர் கண் பார்த்துவிட்டது. கண்ணெதிரே இல்லாததைப் பார்க்கமாட்டேன் என்று சொன்ன கண் அது. அவள் சண்டை போட்டிருந்தால் சாய்வுக் கூரையின் மகிமையைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அவள் குனிந்துகொள்கிறேன் என்றதும் அவருக்கு அழுகையாக வந்தது. ஒரு தகப்பன் பெண்ணுக்குச் சீர் கொடுக்க முடியாமல் போகலாம்; தலை நிமிர்ந்து நிற்கிற உயரத்தைக்கூடவா குறைத்துக் கொடுப்பான்? பிரதியை நாலாகக் கிழித்தார். அசலையும் கிழித்தார். கிழிக்கும்போதுகூட, அந்த எழுத்து எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவ்வளவு லேசில் திருந்துகிற மனிதர் இல்லை.

மறுநாளே புதுப் பிளான் தயாராயிற்று. வடக்குப் பக்கம் முழுவதும் ரூம். ரங்கா குதித்தாலும் தலை இடிக்காத கூரை. வடகிழக்கைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல்.

"அப்போ முதல்ல போட்டது?" என்று சீனிவாசராகவன் கேட்டார்.

"அது பிசகு."

"உங்களுக்கா பிசகு? மழைத் தண்ணி தேங்காதுன்னு எழுதியிருந்தேளே."

"எழுதினவனுக்கு மூளை தேங்கலை, சுவாமி. அதை மறந்துடுங்கோ" என்றார் சந்தானம். சம்பந்தி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தெருவில் இன்னும் நாலு பேரிடம் சொன்னார்.

கோமளத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆச்சரியமாக, அவள் கேலி செய்யவில்லை. "அவாத்து மாடியிலேர்ந்தே மலையைப் போட்டுக்கோங்கோளேன்" என்றாள்.

"பொண்ணைக் குடுத்த ஆத்துல பேரன் பொறக்கற வரைக்கும் கை நனைக்கப்படாது. நான் அவா படுக்கற ரூம்ல மைப்புட்டியோட போய் தினமும் உக்காந்துக்கட்டுமா? தெரு சிரிக்கும்."

"இப்போ மட்டும் சிரிக்கலையா?" என்றாள் கோமளம். அது அவளால் அடக்க முடியாதது.

ஆக, சந்தானம் தம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நியமத்தை உடைக்கத் தீர்மானித்தார். ஏரி கிடக்கட்டும், சுவர் எழும்புவதற்குள் மலையைப் போட்டுவிடுவது. ஐப்பசி பிறந்திருந்தது. விடிகிறபோதே கடைசித் தாளைப் பலகையில் பொருத்திக்கொண்டு மாடியில் போய் உட்கார்ந்தார். மேகம். மறுநாளும் மேகம். அதற்கு மறுநாள் மழை. வருஷக்கணக்காக எத்தனையோ காலைகளில் பளிச்சென்று வந்து நின்ற மலை, இப்போது பழைய கடன்காரனைக் கண்ட மாதிரி ஒளிந்துகொண்டது. எதிரே மேஸ்திரியும் ஆட்களும் மழைவிட்ட நேரமெல்லாம் செங்கல் அடுக்கினார்கள். சுவர் முழங்கால் அளவு வந்தது. இடுப்பளவு வந்தது. அவர் ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் "சொந்த ஜோலி" என்று போட்டார். "மலைக்காகக் காத்திருப்பது" என்று எழுதியிருந்தால் டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள்.

பிறகு ஒருநாள், இரவெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, காலை பளிங்குபோல் விடிந்தது. சந்தானம் மாடிக்கு ஏறியதும் மலை நின்றது. இடுப்பளவுச் சுவருக்கு மேலே அடி முதல் முடி வரை, மழையில் குளித்த பாறை ஒவ்வொன்றும் தெரிய நின்றது. இன்னும் இரண்டு நாளில் சுவர் அதை மூடிவிடும் என்று அவருக்குத் தெரியும்.  பின்னாலேயே அலமு மாடிக்கு வந்து, கேட்காமலே குடையை விரித்தாள். சந்தானம் நிப்பைத் துடைத்து, மையில் தோய்த்து, தாளுக்குக் கொண்டுபோனார்.

தாளுக்கும் மலைக்கும் நடுவில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தான். மற்றப் பக்கமெல்லாம் சுவர் இடுப்பளவு வந்தபோதும் முழங்காலளவோடு விட்டு வைத்திருந்த ஜன்னல் இடத்தில் அவன் இப்போது இன்னொரு வரிசைச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தான். அதுவும் வைத்து, அதற்குமேல் இன்னும் சில வரிசையும் வைத்து, அப்புறம் ஜன்னல் சட்டத்தை நிறுத்துவான். ஊரில் எல்லா ஜன்னலும் மார்பளவில்தான் ஆரம்பிக்கும். அவன் கை அந்த வழக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளானில் சந்தானம் போட்டிருந்தது முழங்காலுக்கும் கீழே. பகல் வேலை முடிந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிற ஒருத்திக்கு, எழுந்திருக்காமலே வெளியே தெரியவேண்டும் என்று அவர் அப்படிப் போட்டிருந்தார்.

"மேஸ்திரி!" என்று கத்தினார். அவன் காதில் விழவில்லை. கலவை வெயிலில் இறுகிவிட்டால், "இருக்கட்டும், எதற்கு இடிப்பானேன்" என்று சம்பந்தி சொல்லிவிடுவார். அதுவும் அவருக்குத் தெரியும்.

சந்தானம் மலையைப் பார்த்தார். நிப்பிலிருந்து மை சொட்டப்போனது. "சனியன்" என்று சொன்னார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாக இறங்கித் தெருவைத் தாண்டி ஓடி, சம்பந்தி வீட்டு மாடியில் ஏறினார்.

"நிறுத்துப்பா! இன்னும் கீழே! இந்த வரிசையை எடு. இதுக்குக் கீழே இருக்கறதையும் எடு."

மேஸ்திரி கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழன். கலவை பூசும் கரணையைக் கீழே வைக்காமலே பேசினான். "சாமி, கிடிகி இவ்ளோ கீழ வெச்சா ஊர் சிரிக்கும். நாய்தான் எட்டிப் பாக்கும்."

"ஊர் சிரிச்சா எனக்குப் பழக்கம்தான். நீ எடு."

"நின்னு பாக்கத்தானே சாமி கிடிகி? தரையில உக்காந்துகினு யாரு பாக்கப்போறாங்க?"

"என் பொண்ணு" என்றார் சந்தானம்.

மேஸ்திரி கரணையால் ஒரு செங்கலைத் தட்டிக் கிளப்பினான். அவன் கிளப்பக் கிளப்ப சந்தானம் நகரவில்லை. தலையைத் திருப்பினால் திரும்பவும் மேலே ஏற்றிவிடுவான் என்று சந்தேகம். பாதியில் அவருக்கும் பொறுக்காமல் இரண்டு செங்கல்லைத் தாமே எடுத்து வைத்தார். சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "அளவு சரியான்னு பாத்துடறேன்" என்று சொல்லி, ஈரமான தரையில் சப்பணம் கொட்டி உட்கார்ந்தார்.

சட்டத்துக்குள் நந்தி மலை முழுசாக உட்கார்ந்திருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் அதை உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அவருக்கு அது தெரியாது. இடது பக்கம் ஒரு நீண்ட சரிவு இறங்கி இன்னொரு சின்னக் குன்றோடு சேர்ந்தது, அதுவும் தெரியாது. சங்கல்பம், நியமம், முறை என்று சொல்லிக்கொண்டு, பார்க்கவேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. மேஸ்திரி பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றான். மலையின் அடிவாரத்தில் வெண்மையாக ஏதோ கிளம்ப ஆரம்பித்தது.

எதிர் மாடியில் அலமு குடையோடு கைப்பிடிச் சுவருக்கு ஓடிவந்தாள்.

"அப்பா! சீக்கிரம் வாங்கோ! மேகம் ஏறறது, மலை போயிடப்போறது!"

சந்தானம் எழுந்திருக்கவில்லை.

"நீ இங்க வாம்மா" என்று கத்தினார். "உன் ஜன்னல் சரியா இருக்கான்னு நீயே உக்காந்து பாரு. சீக்கிரம் வா!"